வேலியிலிருந்து தோண்டிய யூ பொன்சாய்: முகப்பு எது, எவ்வளவு செதுக்கலாம்?

முள்வேலி

வணக்கம். ரொம்ப நாளா வாசிக்க மட்டும் வந்துட்டிருந்தவன், இப்பதான் முதல் இழை தொடங்குறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்குங்க.

மரம் ஐரோப்பிய யூ, ஊசியிலை வகை. பொன்சாய் ஆக்கத்தான் எடுத்தேன். ஒரு பழைய வீட்டு வேலியைப் பிடுங்கப் போறாங்கன்னு தெரிஞ்சதும் வீட்டுக்காரர்கிட்ட போய்க் கேட்டேன். "ஒண்ணு என்ன, மொத்தத்தையும் எடுத்துட்டுப் போ"ன்னார். குளிர் முடியிற நேரம், மொட்டு அசையறதுக்கு முன்னாடி தோண்டினேன். ஒரே மரத்துக்கு ஒரு பகல் முழுக்கப் போச்சு. அடியில அகலம் 19 செ.மீ., இப்ப உயரம் 55 செ.மீ.

ரெண்டு தண்டு, ஒரு கீழ்க்கிளை இருக்கு. நடுவுல தொடை கனத்துக்கு ஒரு கட்டை. தோண்டும்போதே ரம்பத்தால அறுத்தது, மேல மேசை மாதிரி தட்டையா நிக்குது. இடப்பக்கம் மணிக்கட்டு கனத்துல உயிருள்ள தண்டு. வலப்பக்கம் மண்ணிலிருந்து ஒரு சாண் உயரத்துல ஒரு கீழ்க்கிளை. வேலியோட சுவர்ப்பக்கம் வெயிலே படாததால பின்புறம் மொட்டை.

மரப்பெட்டியில பியூமிஸ் (நுரைக்கல்) போட்டு வச்சேன். முதல் வருஷம் ஒண்ணுமே நடக்கல, ஊசி இலை பாதி மஞ்சள் ஆச்சு. ரெண்டாம் வருஷம் வெறும் பட்டையிலிருந்து கடுகு தெளிச்ச மாதிரி துளிர் வந்தது. மூணாம் வருஷம் துளிர் எல்லாம் 15 செ.மீ. வரைக்கும் ஓடிடுச்சு.

திட்டம் இதுதான்: வர்ற குளிர்க்கடைசியில நடுக்கட்டையை உச்சியிலிருந்து வேர் வரைக்கும் உரிச்சு ஷாரி (பட்டையில்லாத செத்த தண்டு) ஆக்கணும், எல்லாக் கிளைக்கும் கம்பி சுத்தணும், பெட்டியிலிருந்து தட்டுத்தொட்டிக்கு மாத்தணும். ஒரே வார இறுதியில. படம் 1 'அ' பக்கம், படம் 2 'ஆ' பக்கம். எதை முகப்பா, அதாவது பார்க்கிறவங்க பக்கமா, வைக்கலாம்?

கம்பிக்காரன்

'ஆ'. யோசிக்கவே வேண்டாம் ப்ரோ. அங்கிருந்து பார்த்தா இடத்தண்டு நம்ம பக்கம் லேசா குனியுது, கீழ்க்கிளை சரியான இடத்துல நிக்குது. இடத்தண்டுல உச்சி எடு, நடுக்கட்டையைக் கூராக்கி ஜின் (பட்டையில்லாத செத்த முனை) பண்ணு. நல்ல ஜூனிபர் ஒண்ணு கைக்கு வந்த மாதிரிதான்.

வைரக்கட்டை

தம்பி, நல்ல கட்டை கிடைச்சிருக்கு. முகப்பு சொல்றதுக்கு முன்னாடி மூணு கேள்வி.

கீழ்க்கிளைக்குச் சாப்பாடு எந்த வேரிலிருந்து போகுதுன்னு பார்த்தியா? போன வருஷம் கிளைக்கு அடியில மஞ்சளா, மிளகு அளவுல உருண்டை உருண்டையா வந்துச்சா? நடுக்கட்டையில எங்கெங்க உயிர் இருக்கு?

முள்வேலி

ஐயா, முதல் கேள்விக்குப் பதில் தெரியாது. உருண்டை நிறைய வந்துச்சு, தட்டினா தூள் பறந்தது. நடுக்கட்டை மேல் பாதி செத்த மாதிரிதான் தெரியுது, கீழ எங்க முடியுதுன்னு தெரியல. நகத்தால கீறினா சில இடத்துல பச்சை, சில இடத்துல பழுப்பு.

வைரக்கட்டை

அப்போ உளியைக் கீழ வை. ஏன்னு சொல்றேன்.

யூவோட தண்டு வேலிக்கட்டையாவே பல வருஷம் நின்னா, உருளையா இருக்கிற உயிர்ப்பட்டை மெல்ல மெல்லத் தனித்தனி நரம்பாப் பிரியும். ஒரு வேர், அதுக்கு மேல ஒரு பட்டை நரம்பு, அதோட முனையில ஒரு கிளை. கிளையை எடுத்தா நரம்பு வத்திப்போகும், வேர் செத்தா மேல கிளை போகும். நரம்பு நேரா மேல ஏறும்னு நம்பாத. தண்டைச் சுத்தி முறுக்கிட்டுப் போறதும் உண்டு. இங்க உரிச்சா அங்க காயும்.

என் முதல் யூவை நான் கெடுத்தது இப்படித்தான். முன்பக்கம் அழகா ஒரு கோடு உரிச்சேன், உள்ளங்கை அகலம்தான். அந்த வருஷம் ஒண்ணும் ஆகல. யூ சாகறதையும் நிதானமாத்தான் சாகும், பச்சை இலையோட ஏமாத்தும். அடுத்த வருஷம் கோடைக்கு நடுவுல வலப்பக்கக் கிளை ஒரே வாரத்துல செம்பட்டையாச்சு. நரம்பு நான் உரிச்ச கோட்டுக்குக் குறுக்கே சாய்வாப் போயிருக்கு. முன்பக்கம் பார்த்தவன் பக்கவாட்டுல பார்க்கல.

நரம்பு தேடற வழி. மிதமான நாள் ஒண்ணு பார்த்து தண்டை நல்லா நனை. நைலான் தூரிகையால, பல் தேய்க்கிற அழுத்தத்துல, மேலிருந்து கீழ தேய். செதில் செதிலாக் கிடக்கிற பழைய பட்டை கழண்டு வரும், அடியில செம்மண் நிறத்துல வழவழன்னு புதுப்பட்டை தெரியும். உயிர் உள்ள இடம் தசை மாதிரி மேடா இருக்கும், செத்த இடம் ரெண்டு மேட்டுக்கு நடுவுல பள்ளமா கிடக்கும். தூரிகைப் பிடியால தட்டிப் பாரு. உயிர்ப்பட்டை மொத்தையா சத்தம் போடும், செத்த பட்டை தனியா எழும்பி டக்குனு கேட்கும். சந்தேகம் இருக்கிற இடத்துல மட்டும் கத்தி முனையால ஒரு அரிசி நீளம் கீறு. சாக்பீஸால ஓரத்தைக் கோடு போட்டுக்கிட்டே வா. கோடு எல்லாம் போட்டு முடிச்சப்புறம் படம் எடுத்துப் போடு, அப்போ பேசலாம் முகப்பைப் பத்தி.

கம்பிக்காரன்

ஐயா சொல்றது ஜாக்கிரதை, தப்பில்ல. ஆனா யூவை இவ்வளவு கண்ணாடிப் பாத்திரமாப் பார்க்கணுமா? நர்சரியில வாங்கின யூ ஒண்ணுல வெட்டு, கம்பி, தொட்டி மாத்தல் எல்லாம் ஒரே நாள்ல முடிச்சேன். இன்னைக்கு வரைக்கும் ஜம்முனு இருக்கு. பைன், ஜூனிபர் மாதிரி இல்ல, இலையே இல்லாத மொட்டைக் கட்டையிலிருந்து திரும்பத் துளிர்க்கிற ஊசியிலை மரம் இது. அதனாலதான் வேலிக்கே வைக்கிறாங்க.

கொழுந்து

கம்பிக்காரன் தம்பி, நர்சரி மரத்துக்கும் தோண்டிய மரத்துக்கும் வித்தியாசம் உண்டு. நர்சரி மரத்துக்குத் தொட்டி நிறைய இளவேர் இருக்கும். தோண்டியதில் வேலிக்கு அடியில் கிடந்த கட்டைவேர்தான் பெரும்பகுதி, உறிஞ்சும் வேர் மூன்று வருடமாகத்தான் புதிதாக உருவாகிக்கொண்டிருக்கிறது. ஒரே வார இறுதியில் வேரையும் வெட்டி, பட்டையையும் உரித்து, இலையையும் குறைத்தால் எதை வைத்துத் துளிர்க்கும்?

யூ துளிர்க்கும் என்பது உண்மை. சும்மா துளிர்க்காது. போன வருடத்து ஊசியிலும் அதற்கு முந்தைய வருடத்து ஊசியிலும் சேர்ந்த சேமிப்பிலிருந்துதான் துளிர்க்கும். ஊசிகள் மூன்று வருடத்துக்குக் குறையாமல் மரத்தில் நிற்பவை. அழகுக்காகப் பழைய ஊசியை எல்லாம் உருவிவிட்டால் கிளையின் உள்பகுதி மொட்டையாகிவிடும்.

தம்பி முள்வேலி, நீங்கள் சொன்ன மஞ்சள் உருண்டை ஆண் பூ. உங்கள் மரம் ஆண் மரம். யூவில் ஆண், பெண் தனித்தனி. சிவந்த குவளைக்குள் விதை வருவது பெண் மரத்தில். ஆண் பூ ஏராளமாக வந்தால் அந்தத் துளிருக்கு வீரியம் குறைவு என்று எடுத்துக்கொள்ளலாம், பூத்த இடத்தில் இலை மொட்டும் குறையும். இலையுதிர் காலத்திலேயே கிளைக்கு அடிப்புறம் குட்டி உருண்டையாகத் தெரிய ஆரம்பிக்கும். இடுக்கியால் ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுங்கள். அலுப்பான வேலைதான். நான் வானொலி கேட்டுக்கொண்டே செய்வேன்.

இன்னொன்று, இங்கே யாருமே சொல்லவில்லை. யூ நஞ்சு. விதையைச் சுற்றியுள்ள சிவப்புச் சதையைத் தவிர இலை, பட்டை, விதை, மரம் எல்லாமே நஞ்சு. டாக்ஸைன் (taxine) என்ற ஆல்கலாய்டு நேராக இதயத்தைத் தாக்கும். காய்ந்த இலையிலும் வீரியம் போகாது. வெட்டிய கிளையை ஆடு, மாடு, குதிரை எட்டும் இடத்தில் கொட்டாதீர்கள். கிரைண்டர் போட்டால் தூள் பறக்கும், முகக்கவசம் இல்லாமல் அதன் பக்கமே போகாதீர்கள். இதே பேரினத்தைச் சேர்ந்த பசிபிக் யூவின் பட்டையிலிருந்துதான் பாக்லிடாக்செல் பிரித்தெடுக்கப்பட்டது. 1971இல் அதன் அமைப்பு வெளியானது, 1992இல் அமெரிக்காவில் சூலகப் புற்றுநோய்க்கு மருந்தாக ஒப்புதல் கிடைத்தது. மருந்தாகிறதே என்று யாரும் இலையைக் கஷாயம் போட்டுவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

மாடித்தோட்டம்

இடையில புகுந்ததுக்கு மன்னிக்கணும். பனிக்காலமே இல்லாத ஊர்ல யூ வளருமா? படம் பார்த்ததும் ஆசையா இருக்கு.

கொழுந்து

வளராது என்றே வைத்துக்கொள்ளுங்கள். குளிரில் ஓய்வெடுத்தால்தான் யூவுக்கு அடுத்த துளிர். வெப்பநாட்டில் இருந்தால் ஆல், அத்தி வகைகளில் இதே பட்டைக்கட்டை அழகைப் பாதி நாளில் கொண்டுவரலாம். அதற்குத் தனி இழை தொடங்குங்கள், வருகிறேன்.

முள்வேலி

ரெண்டு சாயங்காலம் ஆச்சு. இடுப்பு போச்சு. படம் 3 முதல் 6 வரை சாக்பீஸ் கோடு போட்டது.

மொத்தம் அஞ்சு நரம்பு. ரெண்டு தடிமனானது சேர்ந்து இடத்தண்டுக்குப் போகுது. ஒண்ணு பின்பக்கமா ஏறி நடுக்கட்டையோட பாதியில நின்னுடுது, அந்த இடத்துல நாலு துளிர் கொத்தா இருக்கு. ஒண்ணு மெலிசு, எங்க போகுதுன்னே புரியல. அஞ்சாவதுதான் விஷயம். வலப்பக்கக் கீழ்க்கிளையைத் தாங்குற நரம்பு வலப்பக்க வேர்லேர்ந்து வரல. இடமுன் வேர்லேர்ந்து கிளம்பி, தண்டோட முன்பக்கத்தைக் குறுக்கே கடந்து, மூணு விரல் அகலத்துல அந்தக் கிளைக்குப் போய்ச் சேருது. 'அ' பக்கத்துல நான் மேலிருந்து கீழ உரிக்கணும்னு பென்சில்ல குறிச்சு வச்சிருந்த கோடு சரியா அதோட நடுவுல வெட்டிக்கிட்டுப் போகுது.

கோடு போட்டுட்டு வெறுமனே தரையில உட்கார்ந்துட்டேன். வலப்பக்க வேர்னு நான் நினைச்சிட்டிருந்தது செத்த வேர். கையால ஆட்டினா ஆடுது.

இன்னொண்ணும் கிடைச்சது. செத்த பள்ளம் ஒண்ணு, நடுக்கட்டைக்கும் இடத்தண்டுக்கும் நடுவுல. ஸ்க்ரூடிரைவர் விட்டேன், ஒரு சாண் உள்ள போச்சு. உள்ள தானாவே பொந்து விழுந்திருக்கு.

வைரக்கட்டை

ஆடுற வேரைப் பிடுங்காத, இப்போதைக்கு மரத்தை நிக்க வைக்குது.

படம் 5 பார்த்தேன். சுழல்மேடையில வச்சு 'அ'விலிருந்து வலமா ஒரு முப்பது டிகிரி திருப்பு. அந்தக் குறுக்கு நரம்பு முன்னால சாய்வா ஏறும், பொந்து இடப்பக்கம் பாதி ஒளிஞ்சு பாதி தெரியும். நடுக்கட்டையோட ரம்ப வெட்டு பின்னால போயிடும். உனக்கு அது மூணாவது முகப்பு, 'இ'ன்னு பேர் வை.

பொந்துக்கிளி

'இ'க்கு என் ஓட்டு. இன்னும் ஒண்ணு சேர்த்துக்கறேன்: இதை ஜூனிபர் மாதிரியோ பைன் மாதிரியோ கட்ட வேண்டாம். யூ மாதிரியே கட்டினா என்ன?

முதிர்ந்த யூவை நேர்ல பார்த்தவங்களுக்குத் தெரியும். அது கூம்பு இல்ல. அகலமா, தாழ்வா, பல தண்டு சேர்ந்து உருகின மாதிரி இருக்கும். நடுவுல வைரம் (உள்கட்டை) மக்கிப் பொந்தாகி, உயிரெல்லாம் வெளி ஓட்டுல ஓடும். ஸ்காட்லாந்தின் ஃபோர்டிங்கால் யூவை 1769ல அளந்தப்போ சுற்றளவு 52 அடி, கிட்டத்தட்ட 16 மீட்டர். இன்னைக்கு அந்த ஓடு பல துண்டா உடைஞ்சு, தனித்தனி மரம் மாதிரி வட்டமா நிக்குது. 2015ல ஆண் மரமான அதுல ஒரு சின்னக் கிளை மட்டும் பெண் காய் காய்ச்சுது. இங்கிலாந்தின் சர்ரே பக்கம் கிரௌஹர்ஸ்ட் யூவோட பொந்துக்குக் கதவே மாட்டி வச்சிருக்காங்க.

முள்வேலிக்கு அந்தப் பொந்து இனாமா கிடைச்சிருக்கு. ரெண்டு தண்டு, நடுவுல பொந்து, குறுக்கே ஓடுற நரம்பு. இதுக்கு மேல ஜின்னைக் கூராக்கி முக்கோணம் கட்டினா, ஆயிரம் மரத்துல பார்த்த அதே முக்கோணம் இன்னொண்ணு வரும். உச்சியை உருண்டையா, ரெண்டு மூணு முடியா விடலாம். கீழ்க்கிளை தரையைத் தொடற அளவுக்குத் தாழட்டும். யூவோட கிளை அப்படித்தான் தாழ்ந்து, மண்ணைத் தொட்ட இடத்துல வேர்கூட விடும்.

கம்பிக்காரன்

கேட்க நல்லாருக்கு. 55 செ.மீ. உயரத்துல அதைச் செஞ்சா புதர்னுதான் தெரியும். நிலத்துல 16 மீட்டர் சுற்றளவுல நிக்கிற மரம் தன் பருமனாலயே கண்ணை நிறுத்துது, தொட்டியில அந்த பருமன் கிடையாது. பார்க்கிறவன் கண்ணு எங்க ஏறணும், எங்க நிக்கணும்னு நீதான் சொல்லணும். அதுக்குத்தான் உச்சி. ஜப்பான்ல இச்சின்னு சொல்ற ஜப்பானிய யூவைத் தலைமுறை தலைமுறையா கட்டறாங்க, உச்சி வச்சுத்தான் கட்டறாங்க.

பொந்துக்கிளி

உச்சி வேண்டாம்னு சொல்லலையே, கூர் வேண்டாம்னுதான் சொன்னேன். கண்ணை நிறுத்தறதுக்குப் பொந்து போதாதா?

கம்பிக்காரன்

பொந்து இருட்டு. பக்கத்துல வெளுத்த கட்டை இருந்தாத்தான் அந்த இருட்டு தெரியும். நடுக்கட்டையைச் செதுக்காம விட்டா ரெண்டும் சேறு மாதிரி ஒரே பழுப்பு.

வைரக்கட்டை

ரெண்டு பேர் சொல்றதும் ஒரே இடத்துலதான் வந்து நிக்குது, சண்டை போட்டுக்காதீங்க. நடுக்கட்டையைச் செதுக்கணும், பின்பக்க நரம்பு நின்ன உயரத்துக்கு மேல மட்டும். அங்க செத்ததைத்தான் செதுக்குறோம், உயிரை வெட்டல. அதனால இந்தக் குளிர்லயே செய்யலாம். மரத்துக்கு அது வேலையே இல்ல, உனக்குத்தான் வேலை.

செதுக்கறதைப் பத்திச் சொல்லிடறேன். யூவுல வெளிறு வேற, வைரம் வேற. ஓரத்துல ஒரு விரல் கனத்துக்கு வெண்ணெய் நிறத்துல இருக்கிறது வெளிறு, ஈரத்துல சீக்கிரம் மக்கும். உள்ள ஆரஞ்சும் செம்பும் கலந்தது வைரம். பைன்ல கட்டையைக் காப்பாத்தறது பிசின். யூவுல பிசின் குழாயே கிடையாது, ஆனா வைரம் லேசுல மக்காது. 1911ல இங்கிலாந்தின் கிளாக்டன் கடற்கரைப் பக்கம் எடுத்த ஈட்டிமுனை யூ மரம்தான், நாலு லட்சம் வருஷப் பழசு. ஆல்ப்ஸ் பனியில 1991ல கிடைச்ச ஊட்சிங்கிற (Ötzi) ஆதிகால மனுஷன் கையோட வச்சிருந்த வில்லும் யூ. வில்லுக்கு வெளிறும் வைரமும் சேர்த்தே எடுப்பாங்க, வெளிப்பக்கம் இழுபடற வெளிறு, உள்பக்கம் அமுங்குற வைரம். நமக்கு அது வேண்டாம். ஜின்லயும் ஷாரியிலயும் வெளிறை எடுத்துட்டு வைரத்துல போய் நில்லு.

கிரைண்டரை முதல்ல எடுக்காத. எடுத்தா உருண்டை உருண்டையா, மெழுகு உருகின மாதிரி ஒரு செதுக்கல் வரும், பார்த்த உடனே மெஷின்னு தெரிஞ்சுடும். ரம்ப வெட்டுத் தளத்துல உளியை நெடுக்கா வச்சு கொட்டாப்புளியால ஒரு தட்டு. பிளவு விழும். குறடால பிளவு ஓரத்தைப் பிடிச்சு மெல்லக் கீழ இழு. நார் எப்படிப் போகுதோ அப்படி உரிஞ்சு வரும், முறுக்கு இருந்தா முறுக்கோட வரும். எங்க நிக்குதோ அங்க நிறுத்து. இப்படிப் பத்து நார் இழுத்தா தட்டை மேசை போய் உடைஞ்ச முனை வந்துடும். உள்ள பொந்தோட சேர்க்க மட்டும் கிரைண்டர், கவசத்தோட.

செத்த கட்டையை வெளுத்துக் காக்கிற சுண்ணாம்புக் கந்தகக் கரைசலை முதல் வருஷம் தடவாத. வெயிலும் மழையும் முதல்ல நாரைத் திறக்கட்டும். அப்புறம் தடவறப்போ நாலஞ்சு சொட்டு கறுப்பு மை கலந்துக்க, இல்லாட்டி சுவருக்கு வெள்ளையடிச்ச மாதிரி இருக்கும்.

முள்வேலி

அப்போ ஒட்டுமொத்தமா: இந்தக் குளிர்ல செதுக்கல் மட்டும், தொட்டி மாத்தல் கிடையாது. கம்பி?

கொழுந்து

கம்பி போடலாம், முழுமையாக வேண்டாம். இடத்தண்டின் முதன்மைக் கிளைகளுக்கும் கீழ்க்கிளைக்கும் மட்டும். துளிர்களை அப்படியே ஓட விடுங்கள். இளவேனிலில் வரும் இளந்தளிரை நுனியில் கிள்ளிக்கொண்டே இருக்கும் பழக்கம் வேண்டாம், மரம் இளைக்கும். நீண்டு, பச்சை கருத்து, கெட்டியான பிறகு கோடைக்குப் பின்பாதியில் குறைத்து வெட்டினால் உள்ளே மொட்டு வரும். மேல்நோக்கி ஓடும் துளிரில் ஊசி சுற்றிலும் இருக்கும், படுக்கையாகப் போகும் துளிரில் இரு பக்கம் சீப்பு மாதிரி படுத்திருக்கும். கம்பியில் துளிரைப் படுக்க வைக்கும்போது எது மேல், எது கீழ் என்று பார்த்து லேசாக முறுக்கித் திருப்பிக்கொள்ளுங்கள். அடிப்புறத்து வெளிர்பச்சை மேலே தெரிந்தால் கண்ணை உறுத்தும்.

கம்பிக்காரன்

கம்பி என் இலாகா. கிளை கனத்துல மூணுல ஒரு பங்கு கம்பி, 45 டிகிரி சாய்வு. யூ கிளை நடுவுல வளையும், நம்ப முடியாத அளவுக்கு வளையும். ஆனா தண்டோட சேர்ற கவட்டையில பட்டுனு கிழியும், சத்தம்கூட வராது. கீழ்க்கிளையை இறக்கறப்போ கவட்டைக்கு ஊறவச்ச ரஃபியா (ஒரு வகைப் பனை) நார் இறுக்கமா சுத்திக்க. அப்புறம் இழுகம்பி போட்டு வாரத்துக்குக் கொஞ்சமா இறக்கு. கையால ஒரே அமுக்கு அமுக்காத. பெரிய வளைவு வளைச்சா அந்தக் குளிர்ல உறைபனி படாத இடத்துல வை. யூ கிளை அந்த வடிவத்துல நிலைக்க நாளாகும், ஆனா கம்பி பதியறது நாளாகாது. கோடையில மாசத்துக்கு ரெண்டு தடவை அடியில எட்டிப் பாரு.

முள்வேலி

பதினாலு மாசம் கழிச்சு வர்றேன். இழையை யாரும் மறக்கலையே?

செதுக்கினேன். உளியும் குறடும் மட்டும், கிரைண்டர் கடைசி அரை மணி நேரம். முதல் நார் இழுத்தப்போ உள்ளேர்ந்து வந்த நிறத்தைச் சொல்லத் தெரியல, ஈரமான செங்கல் மாதிரி. நாலாவது நார் நான் நினைச்சதைவிட ஒரு விரல் கீழ போயிடுச்சு, பின் நரம்போட ஓரம் கொஞ்சம் கிழிஞ்சது. வெட்டுப்பசை வச்சேன். ஓரம் இப்ப உருண்டு மூடிட்டு வருது, துளிர்க் கொத்து நல்லாருக்கு.

தப்பு ஒண்ணு பண்ணினேன். ரஃபியா சுத்தினேன், இழுகம்பியும் போட்டேன். மூணாவது வாரம் அவசரப்பட்டு ரெண்டு வாரத்து இறக்கத்தை ஒரே நாள்ல இறக்கினேன். கம்பிக்காரன் சொன்ன மாதிரியே சத்தம் வரல. மறுநாள் நார் இடுக்குல ஈரம் கசிஞ்சுட்டு இருந்தது. கவட்டையோட மேல்பக்கம் பாதி கிழிஞ்சிருக்கு. பழைய உயரத்துக்கே தூக்கி, கவ்விப் பிடிச்சு, இன்னும் ரெண்டு சுத்து நார் போட்டு அப்படியே விட்டேன். கிளை பொழைச்சுது, நுனியில ரெண்டு சின்னக்கிளை மட்டும் போச்சு. இன்னும் தரையைத் தொடல, பொந்துக்கிளி மன்னிக்கணும்.

இந்தக் குளிர்க்கடைசியில பெட்டியோட ஒரு பக்கப் பலகையைக் கழட்டி வேர் பார்த்தேன். வெள்ளையா நிறைய இளவேர். கூடவே, கால் இல்லாம, பழுப்புத் தலையோட, 'சி' மாதிரி சுருண்ட வெள்ளைப் புழு ஏழு. இது என்ன?

கொழுந்து

வைன் வீவில் என்ற கூன்வண்டின் புழு. வண்டு ராத்திரியில் இலை ஓரத்தைக் கொறிக்கும், புழு மண்ணுக்குள் இளவேரையும் பட்டையையும் தின்னும். ஆபத்து புழுவில்தான். கண்ணில் பட்டதை எல்லாம் பொறுக்கி எடுங்கள். மண் சூடாக இருக்கும்போது, அதாவது கோடைக் கடைசியில், புழுவைத் தாக்கும் நூற்புழுக் கரைசலை ஊற்றுங்கள். குளிர்ந்த மண்ணில் அது வேலை செய்யாது. பெரிய வண்டு எல்லாமே பெண், இணையே இல்லாமல் முட்டையிடும், அதனால் ஒன்று தப்பினாலும் போதும். ராத்திரி டார்ச் எடுத்துக்கொண்டு இலையைத் தட்டிப் பாருங்கள். பெட்டி ஈரமாகவே கிடக்க விடாதீர்கள், யூ வேர் நீர் தேங்கினால் அழுகும்.

முள்வேலி

நன்றி அக்கா. ஏழையும் எடுத்துட்டேன், ராத்திரி இன்னும் தேடறேன். அப்போ இந்த வருஷமும் தட்டுத்தொட்டி கிடையாதா?

வைரக்கட்டை

கிடையாது. கழட்டின பலகையைத் திருப்பி மாட்டு. ஆடின வேரை இப்ப எடுக்கலாம், புதுவேர் மரத்தைப் பிடிச்சுக்கிச்சு. நெடுக்கா அறுக்காம குறடால பிளந்து எடு, அடியில பொந்தோட வாய் தெரியும்.

கம்பிக்காரன்

படம் 9 பெரிசாக்கிப் பார்த்தேன். 'இ'ல நடுக்கட்டை நல்லா வந்திருக்கு, ஒத்துக்கறேன். உச்சி மட்டும் இன்னும் புதர்தான், அதைப் பத்தி அடுத்த குளிர்ல சண்டை போடலாம். கிழிஞ்ச கவட்டைக்கு ரெண்டு விரல் கீழ, குறுக்கு நரம்பு மேல, ஊசி முனை அளவுக்கு ஒரு பச்சை தெரியுதா? அது புதுத்துளிர். தூரிகை போடறப்போ அதைத் தேய்ச்சுடாத, கீழ்க்கிளை போனாலும் அங்கேருந்து இன்னொண்ணு எடுத்துக்கலாம்.

முள்வேலி

இப்பதான் போய்ப் பார்த்தேன். ஒண்ணு இல்ல, ரெண்டு.